மோசின்களுக்கு நடுவே ஒரு லீவர் துப்பாக்கி: முதல் உலகப்போர் காலப் படம் ஒன்றின் ஆய்வு

அஞ்சலட்டை அளவிலான கறுப்பு வெள்ளைப் படம். மரப்பலகைச் சுவருக்கு முன்னால், மிதிபட்ட பனியில் ஐந்து சிப்பாய்கள் வரிசையாக நிற்கிறார்கள். ரோமத் தொப்பி, கனத்த நீளக் கோட்டு, தோளில் பட்டைகள், இடுப்பில் தோல் பெல்ட். ரஷ்யப் பேரரசின் காலாட்படை என்பதைச் சொல்ல அதிகம் படித்திருக்க வேண்டியதில்லை. நால்வரிடம் அந்தப் படையின் வழக்கமான மோசின்-நகான் ரைஃபிள்கள், எல்லாவற்றிலும் ஊசிமுனை பயோனெட், அதாவது குழல் முனையில் பொருத்தும் குத்தீட்டி, மாட்டியிருக்கிறது. நம் பார்வையில் இடது ஓரத்தில் நிற்கும் ஐந்தாமவரிடம் இருப்பதுதான் சிக்கல். அது மோசின் இல்லை. விசைக்குக் கீழே பெரிய வளையம் ஒன்று தொங்குகிறது. அதுதான் லீவர், அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் அடுத்த தோட்டா ஏறும்.

படம் என்னிடம் வந்தபோதே இரண்டு விளக்கங்கள் கூடவே வந்தன. ஒன்று, அது புகைப்படக்காரர் கொடுத்த அலங்காரப் பொருள், கௌபாய் துப்பாக்கி ஒன்றைப் பிடித்துக்கொண்டு சிப்பாய் போஸ் கொடுக்கிறார் என்பது. இன்னொன்று, 1877 ரஷ்ய-துருக்கியப் போரில் துருக்கியரிடமிருந்து பிடித்த பழைய வின்செஸ்டர், அதாவது அமெரிக்க லீவர் துப்பாக்கி, என்பது. இரண்டுமே ஒரேயடியாகத் தள்ளிவிடக்கூடியவை அல்ல. அந்தக் காலப் புகைப்பட நிலையங்களில் வாள், கைத்துப்பாக்கி, செயற்கைப் பாறை எல்லாம் வாடிக்கையாளருக்குத் தயாராக இருக்கும். துருக்கியக் கதைக்கும் வரலாற்றில் வலுவான அடிப்படை உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் வந்த கோப்பு, கைபேசியில் எடுத்து, பல கை மாறி, ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் சுருங்கிய படம். அதில் துப்பாக்கியின் நடுப்பகுதி ஒரு கரும்புள்ளிக் குவியல்தான். இப்படிப்பட்ட கோப்பை வைத்துக்கொண்டு ஆயுதத்தை அடையாளம் காண உட்காருவது வீண் வேலை. சுருக்கும்போது உண்டாகும் சதுரக் கட்டங்களைக் கண் இஷ்டத்துக்கு இணைத்து, நாம் ஏற்கெனவே நினைத்திருக்கும் வடிவத்தையே காட்டும். அதனால் உரிமையாளரிடம் மூலப் படத்தை உயர்ந்த துல்லியத்தில் ஸ்கேன் செய்து தரக் கேட்டேன். முன்பக்கம், பின்பக்கம், ஓரங்களை வெட்டாமல், கூர்மைப்படுத்தாமல், சுருக்கப்படாத கோப்பாக. அது வந்த பிறகுதான் வேலை தொடங்கியது.

அந்தக் காலப் புகைப்படத் தகடுகளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அப்போது பரவலாகப் புழங்கியவை ஆர்த்தோகுரோமேடிக் வகை. அவற்றுக்கு நீலம் நன்றாகத் தெரியும், சிவப்பு கிட்டத்தட்ட தெரியவே தெரியாது. நீலத் துணி வெளிறி விழும், சிவப்பு கறுப்பாகும். ரைஃபிள் கட்டையின் செம்பழுப்பு மரமும் கருமைதான். நீலம் பூசிய எஃகும் கருமை. மரம் எங்கே முடிகிறது, இரும்பு எங்கே தொடங்குகிறது என்ற எல்லை படத்தில் கரைந்துபோவது இதனால்தான். எனவே இப்படிப்பட்ட படங்களில் நிறத்தை நம்பக்கூடாது. புற வடிவத்தை, அதாவது பின்னணிக்கு எதிரே தெரியும் வெட்டுருவத்தைத்தான் நம்ப வேண்டும். நம் அதிர்ஷ்டம், இந்த ஆள் துப்பாக்கியின் கட்டையைத் தரையில் ஊன்றி, அதை லேசாகத் திருப்பிப் பிடித்திருக்கிறார். அதன் இடப்பக்கம் நம்மை நோக்கி இருக்கிறது. வயிற்றுப் பகுதி வெளிறிய பலகைச் சுவருக்கு எதிரே சுத்தமாகத் தெரிகிறது.

அடுத்து, படம் இடவலமாகத் திரும்பியிருக்கிறதா என்ற சந்தேகத்தைத் தீர்க்க வேண்டும். கண்ணாடித் தகட்டைப் புரட்டிப் போட்டு அச்செடுத்த படங்கள் எத்தனையோ உண்டு. லீவர் துப்பாக்கிக்கு இடமும் வலமும் ஏறத்தாழ ஒரே மாதிரி இருப்பதால் அதை வைத்துத் தீர்மானிக்க முடியாது. பக்கத்தில் நிற்பவரின் மோசின் உதவுகிறது. அதன் போல்ட் கைப்பிடி, அதாவது தோட்டாவை உள்ளே ஏற்றப் பிடித்து இழுக்கும் பிடி, குட்டையாக, நேராக, அவருடைய வலப்புறம் நீட்டிக்கொண்டிருக்கிறது. மோசினில் அது இருக்க வேண்டிய இடம் அதுதான். படம் நேரானது.

இனி துப்பாக்கியின் வெட்டுருவத்தை மேலிருந்து கீழே படிக்கலாம். குழலைத் தழுவிய மரம் கிட்டத்தட்ட வாய்வரை வருகிறது. அடிப்பக்கத்தில், மரம் முடிந்து, இயங்கு பாகங்களை அடக்கிய இரும்புக் கூடு தொடங்கும் இடத்துக்குக் கீழே ஒரு தட்டையான பெட்டி வெளியே துருத்துகிறது. அதையொட்டி லீவரின் வளையம். கூட்டின் பின்முனையில், கட்டையின் கழுத்துக்கு மேலே சிறிய கொம்பு போல ஒன்று நிற்கிறது, அது சுத்தியல், தோட்டாவை வெடிக்கவைக்க அடிக்கும் பாகம். போல்ட் கைப்பிடி எங்கும் இல்லை.

வளையத்தை மட்டும் பார்ப்பவர்கள் 'வின்செஸ்டர்' என்று உடனே சொல்லிவிடுவார்கள். சொன்னது தற்செயலாகச் சரியாகவும் இருக்கலாம். ஆனால் எந்த வின்செஸ்டர் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 1866, 1873, 1886, 1894 ஆகிய மாடல்கள் எல்லாவற்றிலும் தோட்டாக்கள் குழலுக்குக் கீழே ஓடும் நீண்ட குழாயில் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். அவற்றின் வயிறு வழவழப்பாக இருக்கும், பெட்டி இருக்காது. துருக்கியக் கதை இங்கேயே விழுந்துவிடுகிறது. துருக்கி 1870களின் தொடக்கத்தில் வாங்கியவை 1866 மாடல்: 45,000 நீள ரைஃபிள்கள், 5,000 கார்பைன்கள் எனும் குட்டை ரைஃபிள்கள். 1877இல் பல்கேரியாவின் பிளெவ்னா நகர முற்றுகையில் ரஷ்யர்களை அலைக்கழித்தவை அவைதான். அவற்றின் கூடு மஞ்சள் உலோகம். படத்தில் மரத்தைவிடத் தெளிவாக வேறுபட்டுத் தெரிந்திருக்கும். இங்கே கூடும் கட்டையும் ஒரே கருமை, போதாக்குறைக்குப் பெட்டி வேறு.

பிரிட்டிஷ் ரைஃபிளான மார்டினி-ஹென்றிக்கும் கீழே லீவர் உண்டு. ஆனால் அது ஒற்றைத் தோட்டா துப்பாக்கி. தோட்டாக்களைச் சேர்த்து வைக்கும் மேகசினும் இல்லை, வெளியே தெரியும் சுத்தியலும் இல்லை. லீவரும் கட்டையின் கழுத்தையொட்டிப் பின்னோக்கி நீண்டு கிடக்கும். அதை ஒதுக்கிவிடலாம்.

கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது இன்னொரு அமெரிக்க ரைஃபிளான சாவேஜ் 1899. அதிலும் லீவர், அதிலும் குழாய் மேகசின் கிடையாது, ராணுவ நீளத்தில் முழு மரத்துடன் செய்த வகையும் உண்டு. கனடாவில் மாண்ட்ரியால் ஊர்க்காவல் படை முதல் உலகப்போர் காலத்தில் அதைத்தான் வைத்திருந்தது. மங்கலான படத்தில் அதுவும் நம் படத்துத் துப்பாக்கியும் எளிதில் குழம்பும். ஆனால் சாவேஜின் மேகசின் சுழலும் வகை, கூட்டுக்குள்ளேயே அடங்கிவிடும். சுத்தியலும் உள்ளேதான். அதன் கூட்டின் முதுகு மேடுபள்ளம் இல்லாமல் ஓடும். நம் படத்தில் பெட்டி, சுத்தியல் இரண்டும் வெளியே இருக்கின்றன. லீவர், பெட்டி மேகசின், வெளிச் சுத்தியல், இந்த மூன்றும் சேர்ந்து ராணுவ அளவில் புழங்கிய துப்பாக்கி ஒன்றே ஒன்றுதான்: வின்செஸ்டர் 1895.

ஜான் மோசஸ் பிரௌனிங் வடிவமைத்தது இது. லீவர் துப்பாக்கிகளில் குழாய் மேகசினைக் கைவிட்டுப் பெட்டிக்கு மாறிய முதல் வின்செஸ்டர். காரணம் எளிமையானது. புகையில்லா வெடிமருந்து வந்த பிறகு தோட்டாக்களின் முனை கூர்மையாகிக்கொண்டே வந்தது. குழாயில் ஒரு தோட்டாவின் கூர்முனை முன்னால் இருப்பதன் அடிப்பகுதியில், வெடிதூண்டி இருக்கும் இடத்திலேயே முட்டும். துப்பாக்கி அதிர்ந்தால் உள்ளேயே வெடித்துவிடும் அபாயம் உண்டு. பெட்டியில் தோட்டாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பதால் அந்தத் தொல்லை இல்லை. அமெரிக்க அதிபராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் 1909இல் ஆப்பிரிக்க வேட்டைக்குக் கொண்டுபோனது இதே மாடல்தான், பெரிய தோட்டாவுக்கான வகை. கௌபாய் கதை சொன்னவர் முற்றிலும் தவறிவிடவில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். இது வேட்டைக்காரர்களின் துப்பாக்கியாகத்தான் பேர் வாங்கியது.

சரி, அப்படியென்றால் அமெரிக்க வேட்டைத் துப்பாக்கி ஒன்று எப்படியோ ரஷ்யா வந்து சேர்ந்து, புகைப்படக்காரர் கையில் அலங்காரப் பொருளானதா? இங்கேதான் புதிய ஸ்கேன் தன் வேலையைக் காட்டியது. கூட்டின் முதுகில், சுத்தியலுக்குச் சற்று முன்னால், சிப்பாயின் கோட்டுக்கு எதிரே இரண்டு மெல்லிய காதுகள் போல ஏதோ நிமிர்ந்து நிற்கிறது. ஒன்றின் விளிம்பில் வெளிச்சம் பட்டு மெல்லிய கோடாகத் தெரிகிறது. பழைய கோப்பில் அது கோட்டு மடிப்போடு மடிப்பாகக் கலந்துபோயிருந்தது. அவை கிளிப் வழிகாட்டிகள். மோசின் ரைஃபிளுக்கான, ஐந்து தோட்டாக்களைச் சேர்த்துப் பிடிக்கும் கிளிப்பை அப்படியே மேலிருந்து செருகி, கட்டைவிரலால் தோட்டாக்களை உள்ளே அழுத்துவதற்காக வைத்தவை. வேட்டை வகையில் இவை கிடையாது. 1898இல் ஸ்பெயினுடனான போருக்காக அமெரிக்க ராணுவம் கேட்ட 10,000 துப்பாக்கிகளிலும் கிடையாது. ரஷ்யாவுக்காகச் செய்தவற்றில்தான் உண்டு.

ரஷ்யா ஏன் லீவர் துப்பாக்கி வாங்கியது? விரும்பி வாங்கவில்லை. 1914 இறுதிக்குள்ளேயே ரைஃபிள் பஞ்சம் கழுத்தைப் பிடித்துவிட்டது. துலா, இஷெவ்ஸ்க், செஸ்ட்ரோரெட்ஸ்க் ஆலைகள் இரவு பகலாக ஓடினாலும் படைக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. அமெரிக்காவில் ரெமிங்டனிடம் 15 லட்சம், வெஸ்டிங்ஹவுஸிடம் 18 லட்சம் மோசின்களுக்கு ஆர்டர் போனது. ஆனால் அந்த ஆலைகள் புதிதாக அச்சுகளும் கருவிகளும் செய்துகொண்டு தொடங்க வேண்டும். பத்தாண்டு முன்பு போரிட்ட ஜப்பானிடமே லட்சக்கணக்கில் ஆரிசாகா ரைஃபிள்களை வாங்கினார்கள். வின்செஸ்டரிடமோ 1895 மாடலுக்கான கருவிகள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தன. அதை ரஷ்யத் தோட்டாவுக்கு, அதாவது விளிம்புள்ள 7.62 மி.மீ. தோட்டாவுக்கு மாற்றி, குழலை நீட்டி, பயோனெட் மாட்ட வசதி செய்து, கிளிப் வழிகாட்டியும் வைத்தால் போதும். கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவனிலிருந்து 1915 முதல் அனுப்பப்பட்டவை ஏறத்தாழ 3 லட்சம். வின்செஸ்டர் அந்த மாடலில் மொத்தமாகச் செய்ததில் பாதிக்கு மேல் ரஷ்யாவுக்குத்தான் போனது. பிளெவ்னாவில் வின்செஸ்டருக்கு முன்னால் விழுந்த படையின் பேரன்மார்கள் கையில் வின்செஸ்டர்! வரலாற்றுக்குச் சில சமயம் குசும்பு அதிகம்.

அடையாளத்தை இன்னொரு வழியிலும் சோதிக்கலாம், அளந்து பார்த்து. பொதுவாகப் படத்தில் நீளம் அளப்பதை நான் பெரிதாக மதிப்பதில்லை. துப்பாக்கி கேமராவை நோக்கி ஒரு சிறிய கோணம் சாய்ந்தாலும் கணக்கு கெட்டுவிடும். இந்தப் படத்தில் மட்டும் நிலைமை சாதகம். ஐந்து துப்பாக்கிகளும் ஒரே வரிசையில், கட்டையை ஊன்றி, செங்குத்தாக நிற்கின்றன. மோசின் காலாட்படை ரைஃபிள் பயோனெட் இல்லாமல் சுமார் 130 செ.மீ. ரஷ்ய வின்செஸ்டர் சுமார் 117 செ.மீ. விகிதம் பத்துக்கு ஒன்பது வர வேண்டும். பயோனெட்டை விட்டுவிட்டுக் குழல்வாய் வரை அளந்தால் படத்திலும் ஏறத்தாழ அதே விகிதம் கிடைக்கிறது. பக்கத்து மோசின் குதிரைப்படைக்கான குட்டையான டிராகூன் வகையாக, அதாவது 123 செ.மீ. அளவில் இருந்திருந்தால் விகிதம் 0.95ஐ நெருங்கியிருக்கும். பனியில் கட்டை எவ்வளவு புதைந்திருக்கிறது என்பது தெரியாததால் இந்தக் கணக்கைச் சான்று என்று சொல்ல மாட்டேன். முரண்படவில்லை என்று மட்டும் சொல்லலாம்.

பெயர் கிடைத்தாயிற்று. ஆனால் என் பார்வையில் அதைவிடச் சுவாரசியமான கேள்வி இன்னும் பாக்கி இருக்கிறது. இந்தத் துப்பாக்கி இந்த ஆளுடையதுதானா? படமெடுக்க யாரிடமோ இரவல் வாங்கியிருக்கலாமே. வினோதமான ஆயுதம் படத்தில் இருக்கும்போதெல்லாம் இந்தச் சந்தேகம் நியாயம். அதற்கான பதில் துப்பாக்கியில் இல்லை, பெல்ட்டில் இருக்கிறது.

ரஷ்யக் காலாட்படை மோசினைப் பயோனெட்டோடுதான் தூக்கித் திரிந்தது. குறிபார்க்கும் அமைப்பே பயோனெட் மாட்டிய நிலைக்குத்தான் சரிசெய்யப்பட்டிருந்தது, கழற்றினால் குண்டு விலகிப்போகும். கழற்றுவதில்லை என்பதால் அதற்கு உறையும் கொடுக்கவில்லை. படத்தில் மோசின் வைத்திருக்கும் நால்வரையும் பாருங்கள், பெல்ட்டில் தோட்டாப் பைகள் மட்டும்தான். ஐந்தாமவரின் துப்பாக்கி வாயில் பயோனெட் இல்லை. மாறாக அவருடைய இடது இடுப்பில், கோட்டு மடிப்போடு ஒட்டி, நீளமான உறை ஒன்று தொங்குகிறது. உறைக்கு மேலே மரப்பிடி. வின்செஸ்டருக்குக் கொடுத்தது கத்தி வடிவ பயோனெட், அது உறையில்தான் தொங்கும். அலங்காரத்துக்காகத் துப்பாக்கியை இரவல் வாங்குபவர் அதற்கேற்ற உறையையும் வாங்கி, பெல்ட்டைக் கழற்றிக் கோர்த்துக்கொண்டு நிற்பாரா? நிற்க மாட்டார்.

ஆனாலும் ஒரு மறுப்பு எழலாம். ஆரிசாகாவுக்கும் கத்தி பயோனெட்தான், அதுவும் உறையில் தொங்குவதுதான். அவரிடம் உண்மையில் ஆரிசாகா இருந்து, படத்துக்கு மட்டும் வின்செஸ்டரைப் பிடித்திருக்கலாம் அல்லவா? ஜப்பானிய பயோனெட்டின் குறுக்குக் காப்பில் ஒரு முனை கொக்கி போல வளைந்திருக்கும். அதைத் தவறவிடுவது கடினம். இங்கே தெரியும் குறுக்குக் காப்பு நேராக முடிகிறது, கொக்கி இல்லை. அத்தோடு இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு அதுதான் கூடுதல் வலுவாகப் படுகிறது. ஆரிசாகாவின் தோட்டா 6.5 மி.மீ. மோசின் படைக்குள் ஒற்றை ஆளிடம் அதைக் கொடுத்தால் அவருக்கென்று தனியாகத் தோட்டா அனுப்ப வேண்டும். எந்தப் படையின் கிட்டங்கிக்காரரும் அதற்கு ஒப்பமாட்டார். அதனால் ஆரிசாகாக்களைக் குறிப்பிட்ட படைப்பிரிவுகளுக்கு மொத்தமாகவே கொடுத்தார்கள். வின்செஸ்டருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. தோட்டாவும் அதே, கிளிப்பும் அதே. நான்கு மோசினுக்கு நடுவே ஒரு வின்செஸ்டர் இருப்பது படத்தைப் பார்க்கும் நமக்குத்தான் வினோதம், அந்த ஐந்து பேருக்கு ஒரு தொந்தரவும் இல்லை.

காலம்? துப்பாக்கி கீழ் எல்லையைத் தருகிறது, 1915க்கு முன் இந்த வகை ரஷ்யாவில் இல்லை. சீருடைத் தோள்பட்டைகள் மேல் எல்லையைத் தருகின்றன. போல்ஷெவிக் அரசு 1917 டிசம்பரில் அவற்றை ஒழித்தது. செம்படையில் திரும்ப வந்தது 1943இல்தான். இதனால் ஸ்பெயின் உள்நாட்டுப்போரும் விலகிவிடுகிறது. 1936இல் சோவியத் ஒன்றியம் இதே துப்பாக்கிகளில் ஆயிரக்கணக்கானவற்றைக் குடியரசுத் தரப்புக்கு அனுப்பியது என்பதால், படத்தைப் பார்த்த ஒருவர் அந்தச் சாத்தியத்தையும் கேட்டிருந்தார். ரஷ்ய உள்நாட்டுப்போரில் போல்ஷெவிக்குகளை எதிர்த்த, தோள்பட்டைகளை விட்டுக்கொடுக்காத வெண்படை மட்டும்தான் மிச்சச் சந்தேகம்.

பின்பக்கம் அதைத் தீர்க்கிறது. பென்சிலில் இரண்டே வரி: சகோதரனுக்கு நினைவாக, 1916 டிசம்பர். பழைய எழுத்துமுறையில், சொற்களின் கடைசியில் ஒலிக்காத 'கடினக் குறி' (ъ) என்ற எழுத்தோடு எழுதியிருக்கிறார். 1918 எழுத்துச் சீர்திருத்தம் அந்தப் பழக்கத்தை எடுத்துவிட்டது. வெளிநாட்டுக்குப் புலம்பெயர்ந்த ரஷ்யர்கள் விடாப்பிடியாகப் பழைய முறையிலேயே எழுதிவந்ததால், எழுத்துமுறை தனியாக எதையும் நிறுவாது. ஆனால் துப்பாக்கி, தோள்பட்டை, எழுத்து மூன்றும் ஒரே இடைவெளிக்குள் விழும்போது தேதியைச் சந்தேகிக்கக் காரணம் இல்லை. அப்போது ரஷ்யாவில் ஜூலியன் நாட்காட்டி என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். அவர்களின் 1916 டிசம்பர் நம் நாட்காட்டியில் டிசம்பர் 14இலிருந்து 1917 ஜனவரி 13 வரை ஓடுகிறது.

உரிமையாளருக்கு இதில் முழுத் திருப்தி இல்லை. 'லாட்விய ரைஃபிள் படை' என்று தலைப்பில் சேர்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. ரஷ்யப் படையில் லாட்வியர்களைக் கொண்டு அமைத்த அந்தப் படைப்பிரிவுகளிடம் வின்செஸ்டர் 1895 நிறைய இருந்தது உண்மை. பால்டிக் பகுதியிலும் பின்லாந்திலும் நிறுத்தியிருந்த படைகளுக்கும் கொடுத்தார்கள் என்பதும் உண்மை. ஆனால் 3 லட்சம் துப்பாக்கி போன நாட்டில், ஒன்றைக் கண்டதும் படைப்பிரிவின் பெயரைச் சொல்லிவிட முடியாது. அதிலும் பக்கத்தில் நான்கு மோசின்கள் இருக்கும்போது. லாட்வியர் என்று சொல்ல நெஞ்சில் படைச்சின்னம் தெரிய வேண்டும், அல்லது தோள்பட்டையில் எழுத்தோ எண்ணோ தெரிய வேண்டும். இடமிருந்து மூன்றாமவரின் தோள்பட்டையில் ஏதோ அச்சுப் பதிவு இருக்கிறது, மேல்பாதி மட்டும். அதை 8 என்றும் படிக்கலாம், 3 என்றும் படிக்கலாம். வேண்டுமென்றால் கோட்டுச் சுருக்கம் என்றும் படிக்கலாம்.

ஆகவே அட்டையோடு சேர்த்து வைக்க நான் எழுதிக் கொடுத்த குறிப்பு இவ்வளவுதான்: ரஷ்யப் பேரரசுக் காலாட்படைச் சிப்பாய்கள் ஐவர், 1916 டிசம்பர் (பழைய நாட்காட்டி), இடம் குறிப்பிடவில்லை. இடது ஓரத்தில் இருப்பவரிடம் ரஷ்ய ஒப்பந்த வகை வின்செஸ்டர் 1895, கத்தி பயோனெட் இடுப்பு உறையில். மற்ற நால்வரிடம் மோசின்-நகான் 1891. மூன்றாமவரின் தோள்பட்டையை, பக்கவாட்டில் விளக்கு வைத்து மூலப் படத்திலிருந்து இன்னொரு முறை படமெடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். பதிவில் எண் இருந்தால் படைப்பிரிவைத் தேடலாம், இல்லாவிட்டால் குறிப்பு இப்படியே இருக்கும்.